இருசம்மாள் பாம்புக்குப் பல்பு கட்டிய கதை

பிறந்து ஒரு நாளான எட்டாயிரம் கோழிக்குஞ்சுகளை ஷெட்டில் இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் போதும், எந்த மூலையில் சூடு குறைகிறது என்று இருசம்மாள் சொல்லிவிடுவாள். குளிர்கிற குஞ்சு கத்தும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்கும். சூடு அதிகமானால் வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் ஒதுங்கும். சரியான சூட்டில் மாவைச் சலித்துக் கொட்டியதுபோலத் தரை முழுக்கச் சமமாகப் பரவி நிற்கும். ஆண்டிமடத்துக்கு மேற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் குருமூர்த்தியின் பிராய்லர் பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பல்புகளை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது. பண்ணைக்கு டாக்டர் உண்டு, சுவரில் தெர்மாமீட்டர் உண்டு. டாக்டர் வந்ததும் முதலில் பார்ப்பது இருசம்மாளின் முகத்தை, பிறகுதான் தெர்மாமீட்டரை.

இப்படிப்பட்டவளிடம்தான் அவள் மகள் சுகன்யா ஒரு பாம்பைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள்.

சுகன்யாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். பாம்பை எட்டு மாதம் அறையில் வைத்து வளர்த்திருக்கிறாள். மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டி. மேலே துணியைப் போர்த்தி மீன்தொட்டி என்று சொல்லி வைத்திருந்தாள். வார்டனுக்கு ஒருநாள் மீன் பார்க்க ஆசை வந்துவிட்டது. அன்று மாலையே பெட்டியும் பெண்ணும் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண்ணை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வார்டன் சம்மதித்தார்.

பெட்டியைப் பார்சல் லாரியில் போட்டுவிட்டு, பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, சுகன்யா பஸ் ஏறினாள். சேலம், பெரம்பலூர், அரியலூர் என்று மூன்று பஸ் மாறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். பெரம்பலூரில் ஏறிய ஓர் அம்மாள் மூட்டையில் என்ன என்று கேட்டதற்கு, “முறுக்குங்க” என்றாள். பொய் இல்லை. பாம்பின் பெயர் அதுதான்.

முறுக்கு மூன்றரை அடி இருக்கும். கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான உடம்பு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு ஜாதி, விஷம் கிடையாது. பயந்தால் உருண்டையாகச் சுற்றிக்கொண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். வனத்துறையில் பதிவு செய்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டு இருந்த டப்பாவிலேயே சுகன்யா வைத்தாள்.

அவள் அப்பா செல்லப்பன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் நடுவே ராத்திரி ஷிப்ட் அடித்துவிட்டுக் கண்ணிமையெல்லாம் வெள்ளையாக வந்து நின்றவர், பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

“நம்ம கொல்லையில இல்லாத பாம்பா? அத அடிக்கறதுக்கே ஆளு தேட வேண்டியிருக்கு. நீ இதுக்குச் சம்பளத்துல சோறு போடற.”

“பத்து நாளைக்கு ஒருக்காதான்ப்பா சாப்பாடு. கொழம்பு சரியில்லன்னு தட்ட நவுத்தாது.”

செல்லப்பன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவர் தட்டை நகர்த்துவது ஊருக்கே தெரியும்.

சுகன்யா அம்மாவைப் பெட்டி முன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். “நம்மளுக்கு ஒடம்புக்குள்ளேயே அடுப்பு எரியுது. இதுக்கு அது இல்லம்மா. வெளிச் சூட்ட வாங்கித்தான் செரிக்கணும். சூடு பத்தலன்னா தின்னது வயித்துலயே அழுகிடும்.” பெட்டிக்கு அடியில் மெல்லிய ரப்பர் பாய் போல ஒன்றை ஒட்டினாள். கரண்டில் சூடாகும் பாய், ‘மேட்’ என்றாள். கூடவே, சூடு எல்லை தாண்டினால் தானே அணைத்துவிடும் சின்னக் கருவி ஒன்றும் இருந்தது. பாயின் நீளம் பெட்டியில் பாதிதான்.

“மீதிப் பாதிக்கு?” என்றாள் இருசம்மாள்.

“ஒரு பக்கம் இருந்தா போதும்மா.”

கம்பெனிக்காரன் மிச்சம் பிடித்திருக்கிறான், பெண் ஏமாந்து வாங்கியிருக்கிறாள் என்று இருசம்மாள் முடிவு செய்துகொண்டாள். ஷெட்டில் பாதிக்கு மட்டும் சூடு வைத்தால் மறுநாள் காலையில் கூடையோடு போய்ச் செத்த குஞ்சைப் பொறுக்க வேண்டியதுதான். ஆனாலும் சொல்லவில்லை. “எட்டாயிரம் உசுரப் பாக்கறவ, ஒரு உசுரப் பாக்க மாட்டனா? நீ நிம்மதியா போ,” என்று அனுப்பிவைத்தாள்.

ஊருக்குச் சேதி பரவ இரண்டு நாள் ஆயிற்று. அரியலூர் வெயிலில் ரோட்டுத் தாரே இளகுகிறது, இந்த ஊரில் பாம்புக்கு ஹீட்டரா என்று டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். பண்ணை முதலாளி குருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. பாம்பு எதைத் தின்னும் என்று யோசித்துவிட்டு இருசம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

“தப்பா எடுத்துக்காத இருசம்மா. குஞ்சு கணக்கு ஒன்னு கொறஞ்சாலும் நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும். சூடம் அடிச்சு ஒரு சத்தியம் பண்ணிடு.”

“அது எலி திங்குற பாம்புங்க. எலியும் பார்சல்ல வருது. நம்ம கோழிய மோந்துகூடப் பாக்காது.”

“அப்ப சத்தியம் பண்றதுல ஒனக்கென்ன கஷ்டம்?”

பண்ணினாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பாம்புக்காகச் சூடத்தை அடித்து அணைக்க வேண்டியிருந்ததே என்று அன்று முழுக்க முகம் கடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

எலி உண்மையிலேயே பார்சலில்தான் வந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே உறைந்துபோய், வரிசையாக, வாலைச் சுருட்டிக்கொண்டு. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அவற்றை அடுக்கிய நாளிலிருந்து, கீழ்த்தட்டில் வைத்த தயிரைச் செல்லப்பன் தொடுவதை விட்டுவிட்டார். பத்து நாளைக்கு ஒருமுறை ஓர் எலியை எடுத்து வெந்நீரில் போட்டு, உயிருள்ளதுபோலச் சூடானதும் இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். ஐப்பசி முடியும்வரை முறுக்கு ஒழுங்காக வாங்கி விழுங்கியது. “நல்ல புள்ள,” என்றாள் இருசம்மாள்.

கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள் இடி மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருமுறை வந்தபோது பல்பெல்லாம் கண்ணைக் கூசும்படி எரிந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து ரப்பர் கருகிய வாசனை வந்தது. பாயும் போயிற்று, கருவியும் போயிற்று.

மகளுக்குப் போன் செய்திருக்கலாம். புதுசு வாங்கி அனுப்பப் பத்து நாள் ஆகும் என்பாள். அதுவரை என்ன செய்வாயோ என்று அழுவாள். இருசம்மாளுக்குச் சூடு வைக்கக் கம்பெனிப் பாய் எதற்கு? பண்ணையிலிருந்து அறுபது வாட் குண்டு பல்பு இரண்டு கொண்டுவந்தாள். ஓயரையும் ஹோல்டரையும் கோத்தாள். பாம்பு சுற்றிக்கொள்ள முடியாதபடி, பெட்டியின் கம்பிவலை மூடிக்கு மேலே, இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று தொங்கவிட்டாள். தொழில் சுத்தத்தையும் விடவில்லை. குஞ்சு ஷெட்டில் இரண்டு பல்பை ஒரே லைனில் கட்டக் கூடாது. ஒன்று போனாலும் இன்னொன்று நிற்க வேண்டும். அதனால் இடது பல்பை இன்வெர்ட்டரிலும் வலது பல்பை நேர் கரண்டிலும் கொடுத்தாள். தரையில் உமியைப் பரப்பினாள். ஒரு மணிநேரம் கழித்துப் புறங்கையை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தாள். எங்கும் ஒரே சூடு. இவ்வளவு அழகாக ஷெட்டில்கூட அமைந்ததில்லை.

மகள் போனில் கேட்டாள். “மேட் வேல செய்யுதாம்மா?”

“எல்லாம் செய்யுது.”

மூன்றாம் நாள் முறுக்கு தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கியது. அகலமான மண்சட்டி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உடம்பு முழுவதையும் உள்ளே சுருட்டிக் கிடந்தது. மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும். எலியை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது.

செல்லப்பன் எட்டிப் பார்த்தார். “கார்த்திக மாசம். காலையிலயும் முழுக்கு, சாயந்தரமும் முழுக்கு. கவிச்சி தொட மாட்டேங்குது. மாலை போட்டிருக்கு புள்ள. எலியக் காட்டி அது விரதத்தக் கெடுக்காத.”

அன்றிலிருந்து அவர் வாயில் பாம்பு ‘சாமி’ ஆனது. வேலையிலிருந்து வந்ததும், “சாமி சாப்டாங்களா?” என்று கேட்பார். இதில் கெட்ட காரியம், பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அதை நம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் அகல் விளக்குமாக வந்து நின்றாள்.

“பாப்பாத்தி, அது பால் குடிக்காது.”

“குடிக்காட்டி என்னக்கா, கும்புடலாமில்ல? எம்மவளுக்கு மூணு வருசமா வரன் தட்டிக்கிட்டே போவுது.”

“அது ஆப்பிரிக்கா பாம்பு. அதுக்குத் தமிழே தெரியாது.”

“சாமிக்குப் பாஷை என்னாக்கா?” என்று விளக்கை ஏற்றினாள். முட்டையை மட்டும் செல்லப்பன் மறுநாள் ஆம்லெட்டாக ஏற்றுக்கொண்டார்.

சிரிப்பெல்லாம் அவர்களுக்குத்தான். இருசம்மாள் முறுக்கைத் தராசில் வைத்தாள். ஆயிரத்து இருநூறு கிராம் இருந்தது ஆயிரத்து நூற்றுமுப்பதாகி, அடுத்த வாரம் ஆயிரத்து நூற்றுப்பத்தாயிற்று. குஞ்சாக இருந்தால் கத்தியிருக்கும். இது வாயைத் திறப்பதில்லை. கூட்டமாக நெருங்கி நின்று காட்டவும் இன்னொரு பாம்பு இல்லை. முதுகெலும்பு லேசாகப் புடைத்துத் தெரிந்தது. குளிருகிறதோ என்று இரண்டு பல்பையும் நாலு விரல் கீழே இறக்கினாள். முறுக்கு சட்டியின் அடியில் இன்னும் அழுந்திக்கொண்டது. மகளிடம் போனில் அது தின்னவில்லை என்று மட்டும் சொன்னாள், பாய் எரிந்ததைச் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், வண்ணமீன் விற்கும் கடையில் விசாரித்தாள். கடைக்காரன் கண்ணாடிக் குழாய்போல ஒரு ஹீட்டரை எடுத்து நீட்டினான்.

“இது தண்ணிக்குள்ள போடறதும்மா.”

“பாம்பு தண்ணிக்குள்ளதான் தம்பி கெடக்குது.”

“எத்தன நாளா?”

“ஒரு மாசமா.”

“அப்ப அது பாம்பு இல்ல, விலாங்கு. நல்லாப் பாத்து வளங்க,” என்று ஹீட்டரை வாங்கி உள்ளே வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் சுகன்யா போன் செய்தாள். என்ன பேசுவது என்று முன்பே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த குரல்.

“கோயம்புத்தூர்ல முத்தமிழ்செல்வன்னு ஒருத்தர் இருக்காரும்மா. இதே மாதிரி பத்து பைத்தான் பாம்பு வெச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து முறுக்க வாங்கிக்குவாரு.”

“நான் என்ன கொற வெச்சேன்?”

“கொறன்னு சொல்லல. அஞ்சு வாரமா சாப்புடல. செத்துப் போயிட்டா நான் என்ன பண்றது? ஒனக்குக் கோழிதாம்மா கைவரும். பாம்பு வரல. விட்டுடு.”

போனை வைத்துவிட்டு இருசம்மாள் வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் காமாலை குஞ்சு, கால் சூம்பின குஞ்சு, பெட்டியில் நசுங்கி வந்த குஞ்சு எல்லாம் அவள் கையில் எழுந்து நடந்திருக்கின்றன. எதையும் யாரும் அவள் கையிலிருந்து பிடுங்கி, வேறு கைக்குக் கொடுத்ததில்லை. அதுவும் பெற்ற மகள்.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை கரண்ட் கிடையாது. பண்ணையில் கோழியெல்லாம் ஏற்றியனுப்பி ஷெட் சும்மா கிடந்தது. அவளுக்கு வேலை இல்லை. ஒன்பது அடித்ததும் வலது பல்பு அணைந்தது. மார்கழிச் சாரல், வெளியே வெயிலே இல்லை. அந்தப் பல்பையும் இன்வெர்ட்டரில் செருகலாம் என்று ஓயரை எடுத்தாள். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த செல்லப்பன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“ஏற்கெனவே ஒரு பல்பு இழுக்குது. இன்னொன்னும் சொருவினா பேட்டரி மதியமே படுத்துரும். ஃபேனு நின்னா கொசு என்னையத் தின்னும். சாமிதான் ஒன்னும் திங்க மாட்டேங்குது, கொசுவாவது தின்னட்டுமா?”

“நாளைக்கு அது போயிடும். அப்புறம் நீங்களே இன்வெர்ட்டரக் கட்டிக்கிட்டுப் படுங்க.”

சொன்னாளே தவிர, ஓயரைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கடைசி நாள். குளிரட்டும், எது நடந்தாலும் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம்.

பத்தரை மணிக்கு முறுக்கு சட்டியிலிருந்து தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. பிறகு கயிறு அவிழ்வதுபோல மெதுவாக வெளியே வந்தது. ஐந்து வாரத்தில் அது தானாக உமியில் இறங்கியதே இல்லை. பல்பு அணைந்த வலது மூலைக்குப் போய் நீளமாகக் கிடந்தது. குளிரான இடத்துக்கு ஏன் போகிறது என்று இருசம்மாளுக்குக் கோபம்கூட வந்தது. அரைமணி கழித்து எழுந்து இடது கோடிக்கு, பல்புக்கு அடியில் போய்ச் சுருண்டது. ஒரு மணிநேரம் அங்கே. அப்புறம் நடுவில். மறுபடி வலது மூலை. வேகாத பக்கத்தைத் திருப்பிப் போடும் தோசைபோலத் தன்னைத்தானே இடம் மாற்றிக்கொண்டே இருந்தது.

இருசம்மாள் வலையைத் திறந்து புறங்கையை வைத்தாள். இடது பக்கம் நல்ல சூடு. வலது பக்கம் குளிர்ந்த உமி. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

பல்பை இவ்வளவு கீழே இறக்கி, இரண்டு கோடியிலும் ஒரே சூட்டை நிரப்பி வைத்தால், சூடு போதும் என்று நினைக்கிற நேரத்தில் அது எங்கே போகும்? போக ஒரே இடம்தான் இருந்தது, சட்டித் தண்ணீர். முழுக்குப் போடவில்லை, விரதமும் இல்லை. ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்திருக்கிறது. எட்டாயிரம் குஞ்சுக்கு ஒரே சூட்டைப் பங்கு போட வேண்டும். ஒன்று ஒதுங்கினாலும் தப்பு. இது ஒற்றை ஆள். தனக்கு வேண்டிய சூட்டைத் தானே நடந்து போய் எடுத்துக்கொள்ளும்; வேண்டாமென்றால் விலகிப் போகும். அதற்குப் போக இடம் வேண்டும். பாதிப் பாய் பாதியாக இருந்தது அதனால்தான்.

“ஏங்க,” என்றாள்.

“ம்.”

“கம்பெனிக்காரன் கஞ்சன் இல்லீங்க.”

“எந்தக் கம்பெனி?” என்று கேட்டுவிட்டுச் செல்லப்பன் மறுபக்கம் புரண்டு படுத்தார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் வலது பல்பைக் கழற்றினாள். இடது பல்பை நாலு விரல் உயர்த்தினாள். ஏழு மணிக்கு எலியை வெந்நீரில் போட்டாள். செல்லப்பன் எழுந்து வந்து, எலி கிடக்கும் டம்ளர் தான் காபி குடிப்பது இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டார். இடுக்கியை நீட்டினாள். முறுக்கு நாக்கை நீட்டியது, கழுத்தை ஆங்கில எழுத்து எஸ் போல மடித்தது, அசையாமல் நின்றது. இருசம்மாளின் கை வலித்தது. இடுக்கியை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைக்கும்போது, பார்வைக்குப் பிடிபடாத வேகத்தில் எலி அவள் கையைவிட்டுப் போயிருந்தது. முறுக்கு அதை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டு கிடந்தது. ஏற்கெனவே செத்த எலி என்று அதற்கு யார் சொல்வது?

“சாமி மாலையக் கழட்டிட்டாங்க,” என்றார் செல்லப்பன். குரலில் கிண்டல் கொஞ்சம் குறைவாக இருந்தது. விழுங்கி முடியும்வரை அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முத்தமிழ்செல்வன் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், தோளில் பை, கையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் பாம்பிடம் போனார். இடது கோடியில் கை வைத்தார், வலது கோடியில் கை வைத்தார், பல்பை அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்கம்மா, மேட் எங்கீங்க?”

“கார்த்திகையிலயே எரிஞ்சுபோச்சு.”

“சுகன்யா சொல்லவே இல்லீங்களே.”

“அவளுக்கே தெரியாது.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். முறுக்கின் வயிற்றில் பாதி தூரத்தில் ஒரு வீக்கம். “சாப்ட்டிருக்குதுங்களா?”

“நேத்து ஏழு மணிக்கு.”

அவர் கொண்டுவந்த பெட்டியைத் தரையில் வைத்தார். “அப்பத் தொடக் கூடாதுங்க. ரெண்டு நாளைக்கு அசைச்சாக் கக்கிப்போடும். கோயம்புத்தூர் வரைக்கும் பஸ்ஸுல குலுங்குனா சொல்லவே வேண்டாம்.” சொல்லிவிட்டுச் சுகன்யாவை அழைத்து, போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் சுகன்யாவின் குரல் வந்தது. “ஒரு மாசமா மேட் ஓடுதுன்னு பொய் சொல்லிக்கிட்டிருந்தியாம்மா?”

“நீ எட்டு மாசம் மீன்தொட்டின்னு சொன்னல்ல?”

செல்லப்பன் வாசலுக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தார்.

“சரி, ஆனா வெறும் பல்பு ஆபத்தும்மா,” என்றாள் சுகன்யா கடைசியில். “நீ ஷெட்டுக்குப் போன நேரத்துல வெயில் ஏறுனா யாரு பல்ப உசத்துவாங்க?”

அது நியாயமான கேள்விதான். முத்தமிழ்செல்வன் தம் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். எரிந்துபோனதைப் போன்றதே, அவர் வீட்டில் உபரியாக இருந்தது. அதன் கம்பி முனையைப் பல்புக்கு நேர் கீழே ஒட்டி, முப்பத்திரண்டு டிகிரி என்று வைத்தார். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு ஒன்றை வாங்கிப் போட்டால் ராத்திரியில் பாம்பு நிம்மதியாக இருக்கும் என்றார். வலது கோடியில் ஒன்றும் கட்டவில்லை. இருசம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். முடித்ததும் புறங்கையை வைத்துத் தானும் ஒருமுறை சரிபார்த்தாள். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாம்பு வாங்க வந்தவர் என்பதற்காகச் சும்மா அனுப்ப முடியுமா? நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். செல்லப்பன் முதல்முறையாக ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். வெளியூர் ஆள் எதிரில் இருந்ததால் இருக்கலாம். முத்தமிழ்செல்வன் மூன்று தடவை குழம்பு வாங்கிக்கொண்டார்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “சுகன்யா இன்னும் ஒன்னும் சொல்லலீங்க. புதன்கெழமைக்கு மேல கூட்டிப் போலாம். நான் மறுபடி வரட்டுங்களா?”

“தாராளமா வாங்க தம்பி,” என்றாள் இருசம்மாள். “மீன் கொழம்பு வைக்கறேன். அந்தப் பொட்டிய மட்டும் கோயம்புத்தூர்லயே வெச்சுட்டு வாங்க.”